அண்ணன் வண்டியும் அவர் வண்டியும்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் அடித்துக்கொண்டதற்குக் காரணம் சொத்து இல்லை, குடி இல்லை, பெண் விவகாரமும் இல்லை. ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. அட்டையில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், முட்டப்போகிற கிடாக்கள் மாதிரி எதிரெதிரே நின்றன. உள்ளே, கடைசிப் பக்கங்களில், நம்மூர் மோட்டார் பைக் இரண்டை ட்ராக்கில் ஓடவிட்டு எது வேகம் என்று எழுதியிருந்தார்கள். ஒன்று என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியின் வண்டி. இன்னொன்று, பார்டரைத் தாண்டி கர்நாடகப் பக்கத்தில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் வண்டி. ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் அண்ணன் வண்டி ஜெயித்திருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு, அண்ணனுக்குப் பின்னாலேயே ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் சுவிட்ச் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊர் கல்லாவி. நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். வேலைக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போய் வந்த பழக்கத்தில் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். இவர் வீட்டில் ஒருத்தரும் வரவில்லை. எங்கள் அப்பா என் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார். வந்து நின்றது அண்ணன் மட்டும்தான். அப்பாவை எதிர்த்துப் பேசி, கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதனால் பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன். புகுந்த வீடு என்றால் இவர் ஒருவர். இருவரையும் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில் வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் மூன்று பேருக்கும் சமைத்தேன். இதில் ஒருவர் போனாலும் எனக்குப் பாதி உலகம் போன மாதிரி.

நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரே புழுதி. அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. அண்ணன் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். முகத்தில் கல்யாணக் களை. அவனுக்கு இங்கிலீஷ் வராது, என்னை வாசிக்கச் சொன்னான். தட்டுத் தடுமாறி வாசித்தேன். முதலில் அந்தக் கார்களின் கதை. சிவப்புக் காருக்குப் போட்டிருந்த டயர் நல்ல பிடிமானம் உள்ளது என்றும், அதே டயரை மஞ்சளுக்கும் போட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். காருக்கே இந்தக் கதை என்றால் பைக்குக்கு என்ன யோக்கியதை என்றார். பத்திரிகைக்கு வண்டி கொடுப்பது கம்பெனிதானே, ஆயிரத்தில் ஒன்றைப் பொறுக்கி, இன்ஜினைத் திறந்து இழைத்துக் கொடுத்திருப்பான் என்றார். ஓட்டியவன் எடை எவ்வளவு, எந்த வண்டி காலையில் ஓடியது, எது ரோடு காய்ந்த பிறகு மத்தியானம் ஓடியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

எனக்கு உள்ளுக்குள் இவர் சொல்வது சரி என்றுதான் பட்டது. இன்ஸ்பெக்ஷனில் சப்ளையரே பொறுக்கிக் கொடுக்கிற பீஸை நாங்கள் அளக்க மாட்டோம். பெட்டிக்குள் நாங்களே கையை விட்டு எடுப்போம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இவர் பக்கம் பேசினால் அண்ணன் முகம் சுருங்கும், அண்ணன் பக்கம் பேசினால் இவர் ராத்திரி சாப்பிட மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் வாழ்கிறவள் முதலில் கற்றுக்கொள்வது வாயை மூடத்தான்.

“தோத்தவன் ஆயிரம் காரணம் சொல்லுவான் மாப்ள,” என்றான் அண்ணன், எலும்பைக் கடித்துக்கொண்டே.

இவர் தட்டைத் தள்ளினார். குழம்பு அண்ணன் மடியில் கொட்டியது. அவ்வளவுதான். அண்ணன் எழுந்த வேகத்தில் இவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். இவர் கைக்கு அகப்பட்ட செம்பால் அவன் வாயில் அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் பனியனில் வழிந்தது. அவன் தலையால் இவர் மூக்கில் முட்டினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. விலக்கிப் பார்த்தேன், முழங்கை என் நெஞ்சில் பட்டு அடுப்புப் பக்கம் போய் விழுந்தேன். கோபம் எனக்கும் குறைவில்லை. வடித்து வைத்திருந்த கஞ்சியைப் பானையோடு தூக்கி இருவர் கால் நடுவிலும் ஊற்றினேன். கொதி அடங்காத கஞ்சி. இரண்டு பேரும் அலறிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குத் துள்ளினார்கள். ஹவுஸ் ஓனரம்மா வாசலில் நின்று தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் ஹோட்டலில் சாப்பிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது மட்டும் கேட்கும். கடைசியில் சமாதானம் என்று ஒன்று வந்ததே, அது சண்டையை விட மோசம். பத்திரிகைக்காரன் நியாயமாக நடத்தவில்லை, நாம் நியாயமாக நடத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். அவரவர் சொந்த வண்டி, இருவரிடமும் அவரவர் கம்பெனி வண்டிதான் இருந்தது. குந்தாரப்பள்ளி தாண்டி, புதுத்தார் போட்டு இன்னும் திறக்காமல் பீப்பாய் வைத்து அடைத்திருந்த ஒரு நீட்டு ரோடு. முடிவுக் கோட்டில் யார் நிற்பது என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நான்தானாம்.

நான் மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றால் அண்ணன் ரூமைக் காலி செய்துகொண்டு பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்கே போய்விடுவதாகச் சொன்னான். சரி என்றேன்.

அந்த வாரம் முழுக்க வாசலில் சமப்படுத்துகிற வேலைதான். இவர் கனத்த ஆள், அண்ணன் ஒல்லி. மளிகைக் கடைத் தராசில் இருவரும் ஏறி நின்று பார்த்துவிட்டு, வித்தியாசத்துக்கு ஜல்லிக்கல்லைப் பையில் போட்டு அண்ணன் முதுகில் கட்டுவதென்று பேசினார்கள். பெட்ரோல் ஒரே பங்கில். காற்று ஒரே கடையில், ஒரே ஆள் கையால். கண்ணாடி இரண்டுக்கும் கழற்றியாகிவிட்டது. சிரித்துப் பேசிக்கொண்டு, ஒருவர் வண்டியை ஒருவர் துடைத்துவிட்டுக்கொண்டு செய்தார்கள். பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. போட்டிப் பேச்சில்தான் இருவரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டார்கள்.

கடைசியில் பிரேக்கில் வந்து நின்றது. இவர் வண்டியில் முன் சக்கரத்துக்கு டிரம் பிரேக். ஒரு நட்டைத் திருகித் தளர்த்தினால் பிரேக் கைப்பிடி தொளதொளத்து, உள்ளே உரசுவது நின்று சக்கரம் லேசாகச் சுற்றும். அண்ணன் வண்டியில் டிஸ்க். அது எப்போதும் கொஞ்சம் உரசிக்கொண்டேதான் இருக்கும், தளர்த்த வழி கிடையாது. அப்படியென்றால் எனக்கு நஷ்டம், இது நியாயமில்லை என்றான் அண்ணன். நீயும் கழற்றிவிடு என்றார் இவர். அண்ணன் யோசிக்கவே இல்லை. டிஸ்கைக் கவ்வுகிற பாகத்தைக் கழற்றி ஃபோர்க்கோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டான். பின் பிரேக்கை இரண்டிலும் தளர்த்தினார்கள். ஒருவர் வண்டியை ஒருவர் சோதித்தார்கள். சக்கரத்தைக் கையால் தட்டிவிட்டால் ராட்டினம் மாதிரி நிற்காமல் சுற்றியது. இப்போதுதான் சமம் என்று கை கொடுத்துக்கொண்டார்கள்.

பிரேக் இல்லாமல் எப்படி நிற்பீர்கள் என்று கத்தினேன். கோட்டுக்கு அப்பால் ரோடு பாலத்துக்கு ஏறுகிறது, மேட்டில் தானாக வேகம் செத்துவிடும், கியரைக் குறைத்தால் போதும் என்றார்கள். இருவருக்கும் இதில் பயமே இல்லாததற்குக் காரணம் அவர்கள் பார்த்த வேலை. இரண்டு பேருமே லைன் முடிவில் ரோலர் டெஸ்டில் இருந்தவர்கள். புது வண்டியைத் தரையிலுள்ள உருளை மேல் ஏற்றிக் கட்டி, மேலே உட்கார்ந்து முறுக்குவார்கள். முள் நூறைத் தொடும், வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஷிப்டு முழுக்க நூறில் போய்விட்டு, இறங்கி டீ குடிக்கப் போவார்கள். வேகம் என்றால் சத்தமும் முள்ளும்தான் அவர்களுக்கு. எதிரே ஏதாவது வரும் என்பது அந்த வேலையில் கிடையவே கிடையாது.

இருவருக்கும் செகண்ட் ஷிப்டு இருந்த ஒரு நாள் காலையில் போனோம். அது குந்தாரப்பள்ளி சந்தை நாள் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. சந்தையில் வாங்கவோ விற்கவோ எங்களிடம் மாடும் இல்லை, நிலமும் இல்லை. ரோட்டில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, ஒரு சிவப்புத் துண்டை என் கையில் கொடுத்தார்கள். முதல் வண்டி கோட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கமாகத் துண்டை வீச வேண்டும். அண்ணன் முதுகில் கல் பையைக் கட்டும்போது முடிச்சை நான்தான் போட்டேன். “வலிக்குதாண்ணே,” என்றேன். இல்லை என்று தலையாட்டினான். இருவரும் ரோட்டின் அந்தக் கோடிக்குப் போனார்கள். தூரத்தில் இரண்டு சின்ன உருவமாகத் தெரிந்தார்கள். அண்ணன் கோட்டையே பார்த்து வண்டி மேல் உட்கார்ந்திருக்க, இவர் புறப்படுவதற்கு முன்னால் முன் சக்கரத்தின் பக்கம் குனிந்து என்னவோ செய்துவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் முதலில் வந்தது. புறப்பட்டுவிட்டார்கள் என்று நான் துண்டை உயர்த்திய நேரத்தில், எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ரோட்டோர மண் சரிவிலிருந்து ஒரு கொம்பு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களுக்கும் அந்த ரோடு சௌகரியமாக இருந்திருக்கிறது. லாரி இல்லை, பஸ் இல்லை, ஹாரன் இல்லை. பெரிய காளைகள் ஒவ்வொன்றாக ஏறி ரோட்டின் குறுக்கே அசமந்தமாக நடந்தன.

நான் ஓடினேன். துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, நில்லுங்க நில்லுங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அவர்களைப் பார்த்து ஓடினேன். அவர்களுக்குக் கண்ணில் பட்டது சிவப்புத் துண்டு மட்டும்தான் போலிருக்கிறது. முடிவு நெருங்கிவிட்டது என்று இருவரும் டேங்க் மேல் இன்னும் குனிந்தார்கள். இன்னும் முறுக்கினார்கள்.

அண்ணன் வண்டி ஒரு காளையின் நடு வயிற்றில் போய் அடித்தது. சாக்கு மூட்டையை லாரியிலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம். மாடு இரண்டு முன்னங்காலும் ஒடிந்து அப்படியே உட்கார்ந்தது. அண்ணன் அதன் மேலே பறந்து, முதுகில் கட்டிய கல்லோடு தாரில் விழுந்து உருண்டான். வண்டி அவனுக்குப் பின்னாலேயே வந்து, அவன் வலது காலை ரோட்டோரக் கல்லோடு வைத்து நசுக்கியது. இவர் வண்டி கிறீச்சிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, தீப்பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டு மாடுகளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தோள்பட்டை எலும்பு விலகி, கை தொங்க எழுந்து உட்கார்ந்தார்.

மாட்டுக்காரர்கள் முதலில் பார்த்தது துடித்துக்கொண்டிருந்த காளையை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார்கள். தடியோடு ஓடிவந்து, உட்கார்ந்திருந்த இவரை அடிக்க ஆரம்பித்தார்கள். தொங்கிய கையிலேயே ஒரு அடி விழுந்தது. நான் அண்ணனிடம் ஓடுவதா இவரிடம் ஓடுவதா என்று ஒரு கணம் நின்றேன். அந்தக் கணத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், எதிரிக்குக்கூட. அப்புறம் பையிலிருந்து சிதறிக் கிடந்த ஜல்லிக்கல் ஒன்றை எடுத்து, தடி வைத்திருந்தவன் நெற்றியில் எறிந்தேன். அவன் முகம் முழுக்க ரத்தம். இன்னொருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன், வாயில் உப்புக் கரித்தது. அண்ணன் பக்கம் போன வயதான மாட்டுக்காரர் ஒருவர் அவன் காலைப் பார்த்துவிட்டு, “ஒத்துரா, ஒத்து,” என்று தெலுங்கில் அதட்டினார், வேண்டாம்டா என்று. தடிகள் கீழே இறங்கின. அவர்தான் ஓடிப்போய் ஒரு டெம்போவை மறித்துக் கொண்டுவந்தார்.

டெம்போ புறப்படும்போது ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். இவர் வந்த பக்கம் புதுத்தாரில் கறுப்பாக ஒரு நீளக் கோடு இருந்தது. அண்ணன் வந்த பக்கம் ஒன்றும் இல்லை. அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்தில் அண்ணன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் அண்ணன் காலைக் கேட்கவில்லை, மாப்பிள்ளையைக் கேட்டான். உயிரோடு இருக்கிறார் என்றதும் அழுதான். இவர் கட்டுப்போட்ட கையோடு அவன் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தார். மலம் அள்ளினார், மூத்திரம் பிடித்தார். ஊர் கண் படுகிற அளவுக்கு இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். காளைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் கொடுத்து முடித்தோம்.

அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவன் ஒன்றுதான் கேட்டான். தன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது, மாப்பிள்ளை வண்டியையாவது ஒரு தடவை பார்க்க வேண்டும், சாயங்காலம் உருட்டிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்து என்றான். வண்டி பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அண்ணன் பார்க்கிறதாக இருந்தால் ரத்தம், மண் எல்லாம் இருக்கக் கூடாதென்று மத்தியானம் ஒரு வாளித் தண்ணீரோடு போனேன். துடைக்கும்போது முன் பிரேக் கைப்பிடியில் கை பட்டது. இறுக்கமாக இருந்தது. அழுத்தினேன். சக்கரம் கவ்விக்கொண்டது.

அந்தக் கறுப்புக் கோடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. லேஸும் புரிந்தது.

இவர் பின்னால் வந்து நின்றார். நான் கேட்கக்கூட இல்லை. “பயந்துட்டேன்டி. நீ தூரத்துல நின்னுட்டு இருந்தத பாத்தேன். கை தன்னால நட்டத் திருகிடுச்சு,” என்றார். அப்புறம், “நான் போய் மச்சாங்கிட்ட சொல்லிடறேன்,” என்றார்.

“யோவ், சொன்னா அவன் இந்த வீட்ட விட்டுப் போயிருவான். ஒத்தக் கால்ல தவழ்ந்தாவது போயிருவான். அப்புறம் நானும் உம்மோட இருக்க மாட்டேன்,” என்றேன்.

ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தப் பார்த்தேன். சறுக்கி விழுந்ததில் திருகு மறை நசுங்கி இறுகிப் போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கி என் விரல் கணுக்கள் தோலுரிந்தன. ரோலரில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன் என் அண்ணன், கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், பிரேக் இருந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். காம்பவுண்டு ஓரம் ஹவுஸ் ஓனரம்மாவின் கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்தேன்.

முதல் அடி கைப்பிடிக்கு. அடுத்தது முன் சக்கரத்துக்கு, ஸ்போக்ஸ் நரம்பு மாதிரி அறுந்து தெறித்தது. டிரம்மைக் குறிவைத்து ஓங்கி ஓங்கி இறக்கினேன். மறைக்கத்தான் ஆரம்பித்தேன், நாலு அடிக்குப் பிறகு மறைக்கிறதெல்லாம் மறந்துவிட்டது. பயந்த மனுஷன் மேல், பயப்படாத மனுஷன் மேல், அந்தப் பத்திரிகை மேல், கையில் துண்டு கொடுத்து என்னை நடுவில் நிறுத்தினார்களே அது மேல், இந்த ஆளுக்கு அந்த நட்டைத் திருகத் தோன்றியதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததே, அது மேலும் சேர்த்து அடித்தேன். டிரம் விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. இவர் தடுக்கவில்லை. ஒரு கம்பி பறந்து வந்து அவர் புருவத்தைக் கிழித்தது, துடைக்கவும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

“அடி பாப்பா. நல்லா அடி.” வண்டி மேலிருக்கிற கோபத்தில் உடைக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

அண்ணனுக்குக் கம்பெனியில் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. இன்றைக்கும் பக்கத்துப் போர்ஷனில்தான் இருக்கிறான், சாப்பாடு எங்களோடுதான். டிவியில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை ட்ராக்கில் ஓடவிட்டு ஒப்பிடுகிற நிகழ்ச்சி வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பான். டயர் வேறு, டிரைவர் வேறு, இதெல்லாம் ஏமாற்று வேலை என்று தட்டை வைத்துக்கொண்டு திட்டுவான். போன வாரமும் அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கட்டைக் காலைத் தட்டிக்கொண்டு சொன்னான்.

“கால் போனா போகுது மாப்ள. நம்ம போட்டி நியாயமா நடந்துச்சு. எவனும் எவனயும் ஏமாத்தல. அத நெனச்சுத்தான் நான் தூங்குறேன்.” என் பக்கம் திரும்பினான். “கோட்டுல நின்னவ நீதான. நீ சொல்லு பாப்பா.”

“நியாயமாத்தாண்ணே நடந்துச்சு,” என்றேன்.

இவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.